சேமிப்புக் கணக்கின் வட்டி குறையும்போது: விதி எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது

பாரத ஸ்டேட் வங்கி தன் சேமிப்புக் கணக்குகளுக்கான வட்டியை 2025 ஜூன் 15 முதல் ஆண்டுக்கு 2.50 சதவீதமாகக் குறைத்தது. அதே மாதத்தில் எச்.டி.எஃப்.சி., ஐ.சி.ஐ.சி.ஐ. ஆகிய தனியார் வங்கிகளும் அதே அளவுக்கு இறங்கின. வாடிக்கையாளரின் ஒப்புதல் இல்லாமல் இப்படிக் குறைக்கலாமா என்றால், குறைக்கலாம் என்பதே விதிப்படி பதில்.

2011 அக்டோபர் வரை நிலைமை வேறு. சேமிப்புக் கணக்கின் வட்டியை ரிசர்வ் வங்கியே நிர்ணயித்தது. 2003 மார்ச் முதல் எட்டு ஆண்டுகளுக்கு மேல் 3.5 சதவீதமாக அசையாமல் இருந்த அது, 2011 மே மாதம் 4 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று அந்தப் பொறுப்பை ரிசர்வ் வங்கி வங்கிகளிடமே விட்டது. அப்போது விதித்த நிபந்தனைகள் இரண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான இருப்புக்கு எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே வட்டி தர வேண்டும். அதற்கு மேற்பட்ட தொகைக்கு வெவ்வேறு அடுக்குகள் வைக்கலாம், ஆனால் ஒரே அளவு இருப்பு வைத்திருப்பவர்களிடையே பாகுபாடு காட்டக் கூடாது. வட்டி எவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு தரை மட்டம் விதிக்கப்படவில்லை. ஸ்டேட் வங்கி 2017 ஜூலை இறுதியில், ஒரு கோடி ரூபாய் வரையிலான இருப்புக்கு 3.5 என இறங்கியது. 2020 மே இறுதியில் 2.70 ஆனது; பிறகு 2.50. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை மூன்று தவணையாக 6.50-இலிருந்து 5.50-க்கு இறங்கியதுதான் கடைசிக் குறைப்பின் பின்னணி.

நிலையான வைப்பில் பணம் போட்ட அன்று எழுதிக்கொடுத்த வட்டி, முதிர்வு நாள் வரை வங்கியைக் கட்டுப்படுத்தும். சேமிப்புக் கணக்கில் அப்படி ஒரு காலக்கெடு இல்லை என்பதால், அறிவித்த நாளிலிருந்து பழைய இருப்புக்கும் புதிய விகிதமே பொருந்தும். அந்த நாளுக்கு முந்தைய நாள்களுக்குப் பழைய வட்டியைக் கணக்கிட்டே ஆக வேண்டும்.

விகிதத்தை மட்டும் பார்க்கிறவர்கள் கவனிக்கத் தவறுவது கணக்கிடும் முறையை. 2010 ஏப்ரல் 1-க்கு முன், மாதத்தின் 10-ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வங்கிகள் வட்டி கொடுத்தன. இப்போது ஒவ்வொரு நாளின் முடிவிலும் உள்ள இருப்புக்கு வட்டி கணக்கிடப்பட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ அதற்குக் குறைந்த இடைவெளியிலோ வரவு வைக்கப்பட வேண்டும். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கோ அந்தப் பழைய முறையையே இன்றும் வைத்திருக்கிறது. 2011 டிசம்பர் முதல் மாறாத அதன் 4 சதவீத வட்டியை நம்பி வங்கிப் பணத்தை அங்கே மாற்ற நினைப்பவர்கள் இதை ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஒருவரிடம் ஒரு லட்சம் ரூபாய் இருக்கிறது. 30 நாள் கொண்ட ஒரு மாதத்தில் 12-ஆம் தேதி 60,000 ரூபாயை எடுத்து, 28-ஆம் தேதி திரும்பக் கட்டுகிறார் என்று கொள்வோம். அஞ்சலகம் அந்த மாதம் முழுவதற்கும் 40,000 ரூபாய்க்கு மட்டுமே வட்டி கணக்கிடும். சுமார் 133 ரூபாய். வங்கியில் 14 நாள்களுக்கு ஒரு லட்சத்துக்கும், 16 நாள்களுக்கு 40,000 ரூபாய்க்கும் 2.50 சதவீதப்படி கிட்டத்தட்ட 140 ரூபாய் சேரும். தொடாமல் ஓராண்டு கிடக்கிற பணமென்றால் அஞ்சலகத்தில் 4,000 ரூபாயும் வங்கியில் ஏறத்தாழ 2,520 ரூபாயும் கிடைக்கும். சம்பளம் வந்து கரைகிற கணக்குக்கு வங்கியும், அசையாத பணத்துக்கு அஞ்சலகமும் பொருந்தும். இன்னொன்று: அஞ்சலக வட்டி ஆண்டு முடிவில்தான் வரவாகும்.

சில சிறு நிதி வங்கிகளும் தனியார் வங்கிகளும் விளம்பரத்தில் பெரிதாகக் காட்டும் சதவீதம் பெரும்பாலும் சில லட்சங்களுக்கு மேற்பட்ட அடுக்குக்கானது. 80,000 ரூபாய் வைத்திருப்பவருக்கு அந்த விகிதம் கிடைக்காது. அந்த உயர்ந்த வட்டி முழு இருப்புக்கா, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமா என்பதையும் கிளையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதோடு, வங்கி முடங்கினால் பணம் திரும்பக் கிடைக்க வழி செய்யும் வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான். அந்த வங்கியின் வெவ்வேறு கிளைகளில் ஒருவர் தன் பெயரில் பிரித்து வைத்தாலும் உச்சவரம்பு உயராது.

வரியைப் பொறுத்தவரை, சேமிப்புக் கணக்கு வட்டியில் வங்கி முன்கூட்டியே வரி பிடிப்பதில்லை. ஆனால் அது வருமானக் கணக்கில் சேர வேண்டியதே. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்த வட்டியில் 10,000 ரூபாய் வரையும், மூத்த குடிமக்களுக்கு வைப்பு வட்டியையும் சேர்த்து 50,000 ரூபாய் வரையும் கழிவு உண்டு. புதிய முறையில் இந்தக் கழிவுகள் இல்லை.

இரண்டு ஆண்டுகள் வாடிக்கையாளர் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாமல் செயலற்றதாகிவிட்ட சேமிப்புக் கணக்குக்கும் வட்டி தொடர்ந்து வரவாக வேண்டும். அப்படி விட்டுப்போன கணக்கு வைத்திருப்பவர்கள் அடையாளச் சான்றுகளுடன் சென்று புதுப்பித்துக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

வட்டி குறைவாக இருக்கிறது என்று குறைதீர்ப்பாளரிடம் முறையிட்டுப் பயனில்லை. அது வங்கியின் வணிக முடிவு. அறிவித்த விகிதப்படி வரவு வரவில்லை என்பது வேறு. பாஸ்புக்கின் நாள்வாரி இருப்பைக் காட்டி வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ வந்த பதில் ஏற்புடையதாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகலைத் தேதியுடன் வைத்திருக்க வேண்டும். வங்கியிடம் முதலில் புகார் கொடுக்காமல் நேரடியாகச் செல்லும் மனுக்கள் அங்கே ஏற்கப்படுவதில்லை.