சூப்பர் ஈகோ என்றால் மனச்சாட்சியா?

மட்டக்களப்பில் உளவளத்துணை (கவுன்சலிங்) படிக்கும் பிள்ளைகளின் கொப்பிகளில் சூப்பர் ஈகோ என்ற சொல்லுக்கு நேரே 'மனச்சாட்சி' என்று எழுதியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். சொன்னவுடன் விளங்குகிறது என்று படிப்பிப்பவர்களும் அதை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சொல்லை இந்த இடத்தில் பயன்படுத்தவே கூடாது என்பது என் கருத்து.

சொல் வந்த வழியை முதலில் பார்ப்போம். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் பிராய்ட் ஜெர்மன் மொழியில் எழுதியவர். 1923இல் மனத்தை மூன்றாகப் பகுத்துக் காட்டியபோது 'அது', 'நான்', 'மேல்-நான்' என்று பொருள்படும் எளிய சொற்களையே வைத்தார். 'அது' என்பதை கேயோர்க் குரோடெக் என்ற மருத்துவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் லத்தீனுக்குப் போய் இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்று ஆக்கிவிட்டார்கள். நம்மிடம் வந்து சேர்ந்தபோது குழப்பம் இன்னும் கூடிற்று. 'அவருக்குச் சரியான ஈகோ' என்றால் நமக்குச் செருக்கு. அப்படியானால் சூப்பர் ஈகோ பெருஞ்செருக்கு என்று ஒரு மாணவி நினைத்தால் அவளில் என்ன பிழை?

பிராய்ட் சொன்னது வேறு. ஆசை 'அது'விலிருந்து எழும். பெற்றோரின் கண்டிப்பு உள்ளே குடியேறி 'மேல்-நான்' ஆகும். இடையில் 'நான்' அகப்பட்டுக்கொள்ளும். மேல்-நானுக்கும் நானுக்கும் இடையிலான இழுபறியைத்தான் குற்றவுணர்வு என்கிறார். நாம் செய்ததற்கு மட்டுமல்ல, ஆசைப்பட்டதற்கும் மேல்-நான் தண்டிக்கும். ஆசையை அதனிடம் மறைக்க முடியாது. அதனால்தான் ஆசையை அடக்கி ஒழுங்காக வாழ்பவரே தன்னைக் கூடுதலாகக் குறை சொல்கிறார் என்று 1930இல் எழுதினார்.

கல்லடியில் ஒரு மகளை நினைத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். வயதான தாயும் பெரும்பாலும் மகளோடுதான். தாய் படுக்கையில் விழுந்து இரண்டு வருடம். கஞ்சி பருக்கி, துணி மாற்றி, படுக்கைப்புண் வராமல் இரவிலும் எழுந்து புரட்டிப் படுக்க வைத்தவள் இவள். ஒரு விடியப்புறம், நித்திரை இல்லாத களைப்பில், 'இது எப்பதான் முடியுமோ' என்று ஒரு நினைப்பு வந்து போகிறது. மறுகா அடுத்த மாதம் தாய் போய்விடுகிறார். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. 'நான் நினைச்சதாலதான் அம்மா போனா.'

அவளிடம் போய் 'உன் மனச்சாட்சி உறுத்துகிறது' என்று சொன்னால் என்ன ஆகும்? சாட்சி வடசொல்; கண் என்ற சொல் அதற்குள் இருக்கிறது. கண்ணால் கண்டதைச் சொல்பவர் சாட்சி. அப்போது அவள் உண்மையிலேயே குற்றம் செய்தாள், அதைக் கண்ட ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். வள்ளுவர் 'தன்நெஞ்சே தன்னைச் சுடும்' என்றது பொய் சொன்ன பிறகு. இந்த மகள் எதையும் செய்யவில்லை. அவளுக்குள் பேசுவது சாட்சி இல்லை, வழக்காளியும் நீதவானும் ஒருவரேயான ஒன்று.

பிராய்டுக்கே இது தெரிந்த வலிதான். 1896 அக்டோபரில் அவர் தந்தை இறந்தார். அடுத்த மாதம் நண்பர் பிளீஸுக்கு எழுதிய கடிதத்தில், உயிரோடு எஞ்சுபவர்களிடம் வழக்கமாகத் தலைதூக்கும் சுயநிந்தனை பற்றிச் சொல்கிறார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாவலடியிலும் கல்முனையிலும் இதை விளக்க யாருக்கும் கடிதம் தேவைப்படவில்லை. 'கையை விட்டிட்டன்' என்று சொன்னவர்கள் வேண்டுமென்று கையை விட்டவர்கள் அல்ல.

குற்றவுணர்வுக்கான ஜெர்மன் சொல்லில் இருக்கும் 'ஷூல்ட்' குற்றத்தையும் குறிக்கும், கடனையும் குறிக்கும். நம்முடைய 'கடன்' வாங்கியதையும் குறிக்கும், கடமையையும் குறிக்கும். ஆனால் நமக்கு நேர்த்திக்கடன் என்ற ஒன்று உண்டு. வைகாசியில் கண்ணகியம்மன் சடங்குக்குப் போய் அதைத் தீர்த்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பலாம். மேல்-நான் கேட்கும் கடனுக்கு அப்படியொரு நாள் குறிக்கப்படவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மேல்மனம்' என்றால் நனவு மனம் என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்குப் பிடித்தது மீயகம். மீ என்றால் மேல். மீயொலி என்று ஏற்கெனவே சொல்கிறோம். 'நான்' என்பதற்கு அகம், 'அது'வை அது என்றே விடலாம். மூன்றுக்கும் இடையில் நடப்பது அகமுரண். 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் அம்பாறை மாவட்டக் காரைதீவில் பிறந்தவர். இந்த வேலை எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல.

மீயகம் கொப்பிக்கும் பரீட்சைக்கும் உரியது. அந்த மகளின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அதுவும் வேண்டாம். 'உங்களுக்குள்ள ஒன்று நின்று உங்களையே ஏசுது, என்ன?' என்று கேட்டால் போதும். பெரும்பாலும் 'ஓம்' என்பார்கள். அப்புறம் அது என்ன சொல்லி ஏசுகிறது என்று கேட்கலாம்.