சொல் விளக்கம்: ஆதாயத் தொடர்பு அறிவித்தல்

அமெச்சூர் வானொலிக் கருவிகளை, அதாவது உரிமம் பெற்ற ஆர்வலர்கள் வானலையில் தமக்குள் பேசப் பயன்படுத்தும் கருவிகளை, மதிப்பிட்டுக் காட்டும் ஒருவர், அந்தக் கருவியை ஆக்கிய நிறுவனத்திடமிருந்தோ விற்கும் கடையிடமிருந்தோ பணம், கருவி, விலைக்கழிவு, தரகு என ஏதேனும் ஓர் ஆதாயத்தைப் பெற்றிருந்தால், பார்ப்பவர் வாங்கும் முடிவுக்கு வருமுன் அதை அவருக்குத் தெரியச் செய்வதை ஆங்கிலத்தில் ‘ஸ்பொன்சர்ஷிப் டிஸ்குளோசர்’ என்கிறார்கள். அன்ரனா, அலைநீளம், மின்வலு என்று எல்லாவற்றையும் தமிழில் விளக்கிச் சொல்லும் காணொளிகளிலும் இந்த ஒன்று மட்டும் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லாகவே திரையின் ஓரத்தில் வந்து மறைகிறது. பார்ப்பவரின் பணத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி அதுவே என்பதால், அதற்குத் தெளிவான தமிழ் வேண்டும்.

‘ஸ்பொன்சர்’ என்பதன் வேர் இலத்தீன் மொழியின் ‘ஸ்பொந்தேரே’ என்னும் வினை. முறைப்படி வாக்குக் கொடுத்தல் என்பது அதன் பொருள். உரோமச் சட்டத்தில், எழுத்து எதுவும் இன்றி வாய்ச்சொல்லாலேயே ஒப்பந்தம் செய்யும் முறை ஒன்று இருந்தது. ஒருவர் ‘ஸ்பொந்தெஸ்னே?’, அதாவது ‘வாக்குத் தருகிறாயா?’ என்று கேட்பார். மற்றவர் அதே வினையால் ‘ஸ்பொந்தேயோ’, ‘தருகிறேன்’ என்று விடை சொன்னால் ஒப்பந்தம் உறுதியாகிவிடும். பிறர் பட்ட கடனுக்காக இப்படி வாக்குக் கொடுத்து நின்றவரே ‘ஸ்பொன்சர்’. நமது வழக்கில் அவர் பிணையாளி. கடன்பட்டவர் கொடுக்கத் தவறினால் இழப்பைத் தாங்கவேண்டியவர் அவர்தான்.

ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல் முதலில் தேவாலயத்துக்குள்தான் நுழைந்தது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்று அழைப்பவர்களை, குழந்தைக்காக ஞானஸ்நானத்தில் வாக்குக் கொடுப்பவர்கள் என்பதால், 17 ஆம் நூற்றாண்டு ஆங்கிலம் ‘ஸ்பொன்சர்’ என்றது. பழைய பொருளை நமது ஊர்கள் இன்னொரு வழியாகவும் நன்கு அறியும். கனடாவிலுள்ள ஒருவர் மனைவியை ‘ஸ்பொன்சர் செய்து’ அழைப்பித்தார் என்று இங்கு சொல்லும்போது, மனைவியின் அடிப்படைத் தேவைகளுக்கு 3 ஆண்டுகள் தாமே பொறுப்பு என்று அவர் அந்நாட்டு அரசுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பதே அதன் உள்ளடக்கம். அங்கு ‘ஸ்பொன்சர்’ இன்றும் பிணையாளிதான்.

பணம் கொடுத்து நிகழ்ச்சி நடத்துபவர் என்ற புதுப்பொருளை அந்தச் சொல்லுக்குக் கொடுத்தது வானொலி. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்க வானொலி நிலையங்களில் நிகழ்ச்சிச் செலவை ஏற்ற கம்பனிகள் ‘ஸ்பொன்சர்’ எனப்பட்டன. சவர்க்காரக் கம்பனிகள் செலவு செய்து நடத்திய தொடர்நாடகங்களுக்கு ‘சோப் ஒபரா’ என்ற பெயர் வந்ததும் அதே பத்தாண்டின் இறுதியில்தான். இலங்கை வானொலியின் வர்த்தக சேவையிலிருந்து 1952 இல் ஒலிக்கத் தொடங்கி இந்தியா முழுவதையும் ஈர்த்த ‘பினாக்கா கீத்மாலா’, செலவை ஏற்ற பற்பசையின் பெயரையே தன் பெயரில் தாங்கியிருந்தது. யார் பணம் கொடுக்கிறார் என்று கேட்பவர் சந்தேகப்பட அங்கே இடமிருக்கவில்லை.

அறிவிக்கும் கடமையும் வானொலியில்தான் பிறந்தது. பணமோ வேறு மதிப்புள்ள பொருளோ பெற்றுக்கொண்டு ஒலிபரப்பும் எதையும், அப்படிப் பெற்றதாக ஒலிபரப்பும் வேளையிலேயே சொல்லவேண்டும் என்று அமெரிக்காவின் 1927 ஆம் ஆண்டு வானொலிச் சட்டம் விதித்தது; 1934 ஆம் ஆண்டுத் தொடர்பாடல் சட்டம் அதைத் தன் 317 ஆம் பிரிவில் ஏற்றுக்கொண்டது. இருந்தும், இசைத்தட்டுக் கம்பனிகளிடம் மறைவாகப் பணம் வாங்கிக்கொண்டு அவற்றின் பாடல்களை ஒலிபரப்பிய அறிவிப்பாளர்களின் செயல் 1959 இல் பெரும் விவகாரமாக வெடித்ததால், 1960 இல் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. வானொலிக் கருவிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கடமையைத் தங்கள் துறைக்கு வெளியிலிருந்து வந்த சுமையாக எண்ண நியாயமே இல்லை.

இங்கே பொருள் மாற்றத்தை உற்றுநோக்க வேண்டும். பழைய ‘ஸ்பொன்சர்’ பிறருக்காகத் தன் பெயரைப் பணயம் வைத்தார். கருவி மதிப்பாய்வுக் காணொளியிலோ நிறுவனம் பணத்தையோ பொருளையோ தருகிறது. பார்ப்பவரிடம் ‘இது நல்ல கருவி’ என்று வாக்குக் கொடுத்து, பல ஆண்டுகளாகச் சேர்த்த நம்பிக்கையைப் பணயம் வைப்பவர் மதிப்பாய்வாளர். அதாவது ‘ஸ்பொன்சர்’ என்ற பெயர் நிறுவனத்துக்குப் போய்விட்டது. பிணை நிற்கும் பொறுப்பு மட்டும் மதிப்பாய்வாளரிடம் இருக்கிறது. பிணை நிற்பவர் யாருடைய செலவில் நிற்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை பார்ப்பவருக்கு உண்டு. அறிவித்தலின் தேவை முழுவதும் இந்த ஓரிடத்திலிருந்தே எழுகிறது.

இலங்கைத் தமிழில் ‘ஸ்பொன்சர்ஷிப்’ என்பதற்கு நிலைபெற்றுவிட்ட சொல் ‘அனுசரணை’. விளையாட்டுப் போட்டியின் பதாகையிலிருந்து தொலைக்காட்சி நிகழ்ச்சிவரை ‘பிரதான அனுசரணை’, ‘இணை அனுசரணை’ என்று பார்க்கிறோம். வடமொழியில் ‘அனுசரண’ என்றால் பின்பற்றிச் செல்லுதல்; தமிழில் அது ஒத்து நடத்தல், ஆதரவாக இருத்தல் என்று விரிந்தது. ‘மாமியோடு அனுசரணையாக நடந்துகொள்’ என்று சொல்லும்போது அதில் கனிவு இருக்கிறது. அந்தக் கனிவுதான் இங்கே இடையூறு. ‘இன்ன நிறுவனத்தின் அனுசரணையுடன்’ என்று கேட்பவருக்கு யாரோ பெருந்தன்மையாக உதவியிருக்கிறார்கள் என்ற எண்ணமே வரும். இந்தக் கருத்துக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எச்சரிக்கை வராது. போட்டிகளுக்கும் விழாக்களுக்கும் அனுசரணை பொருந்தட்டும். தீர்ப்புச் சொல்லும் காணொளிக்கு அது போதாது.

மற்றச் சொற்களையும் பார்க்கலாம். ‘புரவலர்’ என்பது புலவரைக் காத்த வள்ளலைக் குறித்த பழஞ்சொல். விற்பனைக் கணக்கில் செலவு செய்யும் கம்பனியை அப்பெயரால் அழைப்பது பொருந்தாது. தொலைக்காட்சி பழக்கிய ‘வழங்குவோர்’ யார் கொடுத்தார் என்பதைச் சொல்லும். யார் வாங்கினார் என்பதைச் சொல்லாது. நமது கோயில்களின் ‘உபயம்’ இன்னும் கவனிக்கத்தக்கது. மணியிலும் மின்விளக்கிலும் வாசற்படியிலும் ‘உபயம்’ என்று கொடுத்தவரின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் இங்கு ஆழ வேரூன்றியிருப்பதால், பெற்றதை வெளிப்படையாகச் சொல்வது நமக்குப் புதிதன்று. ஆனால் உபயத்தில் பெயர் எழுதப்படுவது கொடுத்தவரின் சிறப்புக்காக. மதிப்பாய்வில் அது சொல்லப்படுவது பார்ப்பவரின் பாதுகாப்புக்காக. நோக்கம் வேறாகிவிட்டதால் சொல்லும் வேறாகவேண்டும்.

அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணைக்குழுவின் வழிகாட்டல்கள் (முதலில் 1980 இல் வந்தவை, 2009 இலும் 2023 இலும் திருத்தப்பட்டவை) பணம் என்பதோடு நின்றுவிடாமல், பரிந்துரையின் மீது பார்ப்பவர் வைக்கும் மதிப்பை மாற்றக்கூடிய எந்தத் தொடர்பையும் சொல்லவேண்டும் என்கின்றன. இலவசக் கருவி, தொழில் உறவு, குடும்ப உறவு எல்லாம் இதில் அடங்கும். அந்தக் கருத்துக்குத் தமிழில் ‘ஆதாயத் தொடர்பு’ என்பதை முன்வைக்கிறேன். ஆதாயம் என்ற சொல்லைச் சந்தை வியாபாரியும் கணக்கு ஆசிரியரும் ஒரே பொருளில் அறிவர். அதில் மறைப்பும் இல்லை, பழியும் இல்லை. ‘பெறுகை’ என்று சுருக்கமாகச் சொல்லலாமே எனின், இலங்கை அலுவலகங்களில் அது அரச கொள்வனவுக்கு உரிய சொல்லாகிவிட்டது.

‘டிஸ்குளோசர்’ என்பது ‘மூடு’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையோடு எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்து பிரெஞ்சு வழியாக வந்தது, மூடியிருந்ததைத் திறத்தல். நமது கணக்கீட்டுப் பாடநூல்கள் அதை ‘வெளிப்படுத்தல்’ என்கின்றன. நிதிக்கூற்றின் பின்னிணைப்பில் இட்டாலும் வெளிப்படுத்தல் நிறைவேறிவிடும். ‘அறிவித்தல்’ அப்படியன்று. மரண அறிவித்தலானாலும் பொது அறிவித்தலானாலும், உரியவர் காதில் விழுந்தால்தான் அது அறிவித்தல். காணொளியின் கீழே, ‘மேலும்’ என்று சொடுக்கினால் மட்டும் விரியும் விவரக் குறிப்பின் அடியில் எழுதி வைப்பது வெளிப்படுத்தலாக இருக்கலாம்; அறிவித்தல் ஆகாது. ஆகவே ‘ஆதாயத் தொடர்பு அறிவித்தல்’ என்பதே முழுத்தொடர்.

இனி, அமெச்சூர் வானொலிக்கு இது ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்பதைச் சொல்லவேண்டும். ‘அமெச்சூர்’ என்பதன் இலத்தீன் மூலம் ‘அன்பு செலுத்துபவர்’ என்பது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி ஒழுங்குவிதிகள் இந்தச் சேவையை வரையறுக்கும்போது, தற்பயிற்சிக்கும் தமக்குள் தொடர்பாடலுக்கும் தொழில்நுட்ப ஆய்வுக்கும், தனிப்பட்ட ஆர்வத்தால் மட்டும், பண ஆதாயம் கருதாது ஈடுபடுவோரின் சேவை என்கின்றன. அந்த வரையறை அலைவரிசையில் பேசுவதற்குரியது. யூரியூப் காணொளியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இலங்கையில் உரிமம் பெற்றவரை வானலையில் அடையாளம் காட்டும், ‘4எஸ்7’ என்று தொடங்கும் அழைப்புக்குறியை ஒருவர் திரையில் இட்டவுடன், இவர் ஆதாயம் கருதாதவர் என்ற நம்பிக்கை அந்தக் குறியோடு சேர்ந்தே வருகிறது. ஆதாயம் இருந்தால் அதைச் சொல்லும் கடமை இவருக்கு மற்றவர்களிலும் கூடியது.

பார்ப்பவரால் சரிபார்க்க முடியாத செய்திகள் இத்துறையில் மிகுதி என்பதும் காரணம். 5 வாற்று கைவானொலி ஒன்றின் திரை, பொத்தான், பற்றரி நீடிப்பு ஆகியவற்றைக் காணொளியிலேயே பார்க்கலாம். அது வேண்டாத அலைவரிசைகளில் எவ்வளவு கசியவிடுகிறது என்பதை அலைமாலைப் பகுப்பாய்வி என்னும் அளவீட்டுக் கருவி இல்லாமல் எவரும் பார்க்க முடியாது. அமெரிக்க விதியின்படி, 30 முதல் 225 மெகாஹேர்ட்ஸ் வரையான அதிர்வெண்களில் இயங்கும் 25 வாற்றுக்கு உட்பட்ட செலுத்திகளில் அந்தக் கசிவு 25 மைக்ரோவாற்றைத் தாண்டக்கூடாது. 5 வாற்றுக் கருவிக்கு அது ஏறத்தாழ 53 டெசிபெல் தாழ்வு, அதாவது அதன் வலுவில் 2 இலட்சத்தில் ஒரு பங்கு. இலவசமாகக் கருவி பெற்றவர் இந்த அளவீட்டைச் செய்யாமல் விட்டால், அந்த விடுபாடு கண்ணுக்குத் தெரியாது.

தொலைதூரத் தொடர்பும் ஏமாற்றும். சூரியனின் செயற்பாடு உச்சத்தில் இருக்கும்போது, மேல்வளிமண்டலம் இத்தகைய அலைகளை நன்றாகத் திருப்பி அனுப்பும். அந்தச் செயற்பாடு ஏறி இறங்கும் 25 ஆவது சுழற்சி 2024 இல் உச்சத்தை எட்டியிருந்த காலத்தில், 10 மீற்றர் பட்டையில் சாதாரணக் கம்பி அன்ரனாவும் கண்டம் தாண்டிப் பேசியது. காரைநகரிலோ பருத்தித்துறையிலோ உப்புநீருக்கு அருகே நிறுத்திய செங்குத்து அன்ரனா, கடல்நீரின் கடத்துதிறனால், அடிவானத்தை ஒட்டி அனுப்பும் அலையில், கடலிலிருந்து தள்ளி நிறுத்திய அன்ரனாவை எளிதில் வெல்லும். ‘ஜப்பானுடன் பேசினேன், கேளுங்கள்’ என்பது கருவியின் திறனா, சூரியனின் தயவா, கடலின் தயவா என்பதைப் பார்ப்பவர் பிரித்தறிய முடியாது. அதிலும், செலுத்திக் கருவியை இறக்குமதி செய்யத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவைப்படும் நாட்டில், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம் என்று எண்ணி வாங்க முடியாது. இங்குள்ளவருக்கு அந்தக் காணொளிதான் கடை.

அமெரிக்காவின் அமெச்சூர் வானொலிக் கழகம் தனது ‘கியூஎஸ்ரி’ இதழின் மதிப்பாய்வுக்குரிய கருவிகளைச் சாதாரண வாடிக்கையாளரைப் போலக் கடையில் விலை கொடுத்தே வாங்குகிறது. விற்பவரிடமோ ஆக்குபவரிடமோ எந்தக் கொடுப்பனவும் பெறுவதில்லை என்று அச்சிட்டும் சொல்கிறது. தனி ஒருவரால் எல்லாக் கருவியையும் வாங்க இயலாது என்பது உண்மைதான். ஆகவே பெறுவது தவறன்று. பெற்ற விதத்தைச் சரியான சொல்லால் சொல்லவேண்டும். திருப்பித் தரவேண்டியது ‘இரவல்’. தன்னிடமே இருந்துவிடுவது ‘அன்பளிப்பு’. குறைந்த விலைக்குத் தந்தது ‘விலைக்கழிவு’. இணைப்பின் வழியாக விற்பனை நடந்தால் வருவது ‘தரகு’. காணொளி செய்வதற்கே பெற்றது ‘கூலி’ அல்லது ‘கட்டணம்’. இவை ஐந்தும் ஆளை ஐந்து விதமாகக் கட்டுப்படுத்தும். ‘ஸ்பொன்சர்ட்’ என்ற ஒற்றைச் சொல் இந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது.

மேற்சொன்ன அமெரிக்க ஆணைக்குழு 2019 இல் வெளியிட்ட விளக்கக் குறிப்பு, பரிந்துரை எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் அறிவித்தலும் இருக்கவேண்டும் என்றும், காணொளியென்றால் விவரக் குறிப்பில் மட்டுமன்றிக் காணொளிக்குள்ளேயே வரவேண்டும் என்றும், தளம் தரும் அடையாளம் மட்டும் போதும் என்று எண்ணவேண்டாம் என்றும் சொல்கிறது. இந்தியாவின் நுகர்வோர் அலுவல்கள் திணைக்களமும் 2023 ஜனவரியில் தன் வழிகாட்டலை வெளியிட்டது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரி நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது.

தமிழில் அறிவித்தல் இவ்வளவு எளிமையாக இருக்கலாம்: ‘இந்தக் கருவியை இன்ன நிறுவனம் எனக்கு அன்பளிப்பாகத் தந்தது. இந்தக் காணொளிக்காகப் பணம் பெறவில்லை. வெளியிடுமுன் அவர்களுக்குக் காட்டவும் இல்லை. கீழேயுள்ள இணைப்பு வழியாக நீங்கள் வாங்கினால் எனக்குத் தரகு வரும்.’ கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்குமுன் வாயாலேயே இதைச் சொல்லிவிட்டால், திரையைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவருக்கும் அது சேரும். ‘சொந்தக் காசில் வாங்கினேன்’ என்பதும் இதே வகையைச் சேர்ந்த அறிவித்தல்தான். கடைக்காரர் விலைக்கழிவு தந்திருந்தால், அந்த வாக்கியத்தோடு அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.