மரவேலைச் சான்றிதழ்: காசு கட்டுமுன் கேட்க வேண்டியவை

பொன்னிற ஓரம், பெரிய முத்திரை எல்லாம் போட்ட மரவேலைச் சான்றிதழோடு வேலை கேட்கப் போய், "தம்பி, இது என்.வி.கியூ இல்லையே" என்று திரும்பி வந்த பிள்ளைகளைக் கொழும்பில் நிறையப் பார்த்துவிட்டேன். கட்டிய காசு போனது போனதுதான்.

என்.வி.கியூ என்பது தேசிய தொழிற்தகைமை. 7 மட்டங்கள் உண்டு. மரவேலைக்காரருக்கு முக்கியமானவை 3உம் 4உம். 3 என்றால் மேற்பார்வையில் வேலை செய்வார், 4 என்றால் தனியாகப் பொறுப்பெடுத்துச் செய்வார். இதைக் கவனிப்பது நாரஹேன்பிட்டவில் உள்ள மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு.

"நாங்கள் அரசாங்கத்தில் பதிந்த நிலையம்" என்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பதிவு நிலையத்துக்கு, தர அங்கீகாரம் ஒவ்வொரு பாடநெறிக்கும் தனித்தனி. கம்ப்யூட்டர் வகுப்புக்கு அங்கீகாரம் வாங்கிவிட்டு, மரவேலைக்கு வாங்காமலே ஆள் சேர்க்கலாம். அப்படிச் சேர்ந்தால் கிடைப்பது நிலையத்தின் சொந்தச் சான்றிதழ்தான். அங்கீகாரத்துக்குக் காலாவதியும் உண்டு. ஆகவே பாடநெறியின் பெயர், மட்டம், முடிவுத் திகதி மூன்றையும் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

ஏற்கெனவே பட்டறையில் வேலை செய்கிறவர்கள் வகுப்புக்குப் போகவே தேவையில்லை. அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழி இருக்கிறது. ராஜகிரியவில் உள்ள 'நைட்டா'வில், அதாவது தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையில், விசாரிக்கலாம். பாடசாலைப் பெறுபேற்றைக் கேட்டு விரட்டினால் நகராதீர்கள், இங்கே பார்ப்பது கைவேலையை.

சிக்கல் அத்தாட்சியில்தான். பாஸிடம் கடிதம் கேட்டால், "இவர் நல்ல பிள்ளை" என்று எழுதித் தருவார். நன்னடத்தைக்கு அது சரி, இதற்கு உதவாது. எந்த ஆண்டிலிருந்து, என்னென்ன வேலை என்று இருக்க வேண்டும்: கதவு நிலை, ஜன்னல், அலுமாரி, பொலிஷ். படமும் அப்படித்தான். முடிந்த அலுமாரியின் படம் அலுமாரியைத்தான் காட்டும். நீங்கள் உளியோடு துளை வெட்டுகிற, சீவுளி பிடிக்கிற படத்தைக் கொடுங்கள். சொந்தமாக வேலை செய்பவர்களைக் கிராம உத்தியோகத்தரின் கடிதத்துக்கு அனுப்பலாம். அவர் கந்தோரில் இருக்கும் நாளைக் கேட்டுவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் கூலி வீண்.

"சிங்களம் விளங்கும்தானே?" என்று கேட்டால் மரியாதைக்காகத் தலையாட்டாதீர்கள். பட்டறைச் சிங்களம் வேறு, பொருத்து முறையையும் பாதுகாப்பு விதியையும் மதிப்பீட்டாளருக்கு விளக்குவது வேறு. தமிழில் மதிப்பீடு வேண்டும் என்று விண்ணப்பிக்கும்போதே எழுதிக் கொடுங்கள். தமிழும் அரசகரும மொழிதான், யாரும் தருகிற சலுகை இல்லை.

மதிப்பீட்டின் சில அலகுகளில், அதாவது பகுதிகளில், மட்டும் தேறினால், அவற்றைக் காட்டும் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். மீதியை மட்டும் பிறகு செய்யலாம்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், படிவத்தில் ஆங்கிலப் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். அப்புறம் திருத்த ஓடுவது பெரிய அலைச்சல்.

விண்ணப்பத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்திருங்கள். "ஃபைல் மேலே போயிருக்கிறது" என்றே சொல்லிக்கொண்டிருந்தால், 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும்.