கப்பலுக்குப் போனவரின் வீட்டாருக்கு

தருமபுரிப் பக்கம் கப்பல் வேலை இன்னும் புதுசுதான். ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகிறவர் சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து வந்துவிடுவார். கப்பலுக்குப் போனவர் எப்போது வருவார் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. நான் அரூர்க்காரன், சரக்குக் கப்பலில் அதிகாரி. விடுப்பில் வரும்போது என்னைத் தேடி வருகிறவர்களில் வேலை கேட்கும் பையன்களைவிட, “போனே எடுக்க மாட்டேங்கறான், சார்” என்று வரும் அம்மாக்களும் மனைவிமாரும்தான் அதிகம்.

போன் எடுக்காததற்குப் பெரும்பாலும் காரணம் நேரம்தான். செகண்ட் ஆபீசருக்குப் பகல் 12 முதல் 4, நள்ளிரவு 12 முதல் 4 வாட்ச், அதாவது கப்பலைக் கவனித்துக்கொள்ளும் முறைப்பணி. கப்பல் பிரேசிலில் சாண்டோஸ் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது என்று வையுங்கள். மாலை 4 மணிக்கு அவர் வாட்ச் முடித்து இறங்கும்போது நம் ஊரில் நள்ளிரவு 12.30. நீங்கள் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுக் கூப்பிட்டால் அங்கே காலை, அவர் தூக்கத்தில் இருப்பார். இதில் கப்பல் ஓட ஓடக் கடிகாரத்தையும் ஒவ்வொரு மணியாக மாற்றிக்கொண்டே போவோம். ஆகவே கூப்பிடும் நேரத்தை அவரிடமே விட்டுவிடுங்கள்.

இன்னொரு புதுப் பயம் செயலியால் வந்தது. கப்பல் எங்கே போகிறது என்று போனில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். திடீரென்று புள்ளி நின்றுவிடும். இலவசச் செயலிகள் பெரும்பாலும் கரையிலுள்ள கருவிகள் பிடிக்கும் சிக்னலைத்தான் காட்டும். நடுக்கடலுக்குப் போனால் அது எட்டாது, அவ்வளவுதான்.

“ஊர் ஊராச் சுத்தறீங்க” என்கிறார்கள். கன்டெய்னர் கப்பல் பல துறைமுகங்களில் ஒரு நாள்கூட நிற்பதில்லை. அந்த நேரத்துக்குள் சரக்கு, எண்ணெய், மளிகை, சோதனைக்கு வரும் அதிகாரிகள். அமெரிக்காவில் விசா இல்லாவிட்டால் கப்பலைவிட்டு இறங்கவே முடியாது. இறங்க முடிந்தாலும் கிடைப்பது சில மணி நேரம். 1856 முதல் நடக்கும் ‘மிஷன் டு சீஃபேரர்ஸ்’ போன்ற மாலுமி நல மையங்களின் வண்டியில் ஏறிப்போய், சிம் கார்டு வாங்கி, ஒரு மூலையில் உட்கார்ந்து வீட்டுக்குப் பேசுவோம். பல நாடுகளில் நாங்கள் பார்த்தது அந்த மூலையைத்தான்.

இப்போது கப்பலிலேயே இணையம் வந்துவிட்டது. மாலுமிகளுக்கான சர்வதேச ஒப்பந்தமான கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் ஒரு திருத்தம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது. முடிந்த அளவு இணைய வசதி தர வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் மாமியார் மருமகள் சண்டையும் அன்றன்றைக்கே கப்பலுக்கு வந்துவிடுகிறது. அதைக் கேட்டுவிட்டுத் தூங்காமல் வாட்சுக்கு வருகிறவர் கையில்தான் கப்பல் இருக்கிறது.

அதற்காகப் பெரிய செய்தியை மறைக்கச் சொல்லவில்லை. ஊத்தங்கரைப் பக்கத்து ஆயிலர் (இயந்திர அறைத் தொழிலாளி) ஒருவருக்கு அப்பா இறந்ததை வீட்டில் சொல்லவில்லை, “அங்க தனியா என்ன பண்ணுவான்” என்று. கருமாதியெல்லாம் முடிந்த பிறகு பங்காளிப் பையன் வாட்ஸ்அப்பில் போட்ட படத்தில் அவர் பார்த்தார். அதன் பிறகு வீட்டில் யார் “எல்லாரும் நல்லா இருக்கோம்” என்றாலும் அவர் நம்பவில்லை. இப்படிச் செய்யலாம்: முதலில் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். அவர்கள் கேப்டனுக்குச் சொல்வார்கள். கேப்டன் அவரை வேலையிலிருந்து விடுவித்து, பக்கத்தில் ஆள் வைத்துச் சொல்வார். உடனே வரச்சொல்லி மட்டும் கேட்காதீர்கள். பிரேசிலில் இரும்புத்தாது ஏற்றிய கப்பல் சீனா போய்ச்சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வழியில் இறக்கிவிடுவது எல்லா நேரமும் நடக்காது. காரியத்தை யார் செய்வது என்று புறப்படும் முன்பே பேசிவைப்பதை அபசகுனமாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாங்கள் அண்ணன் தம்பி பேசித்தான் வைத்திருக்கிறோம்.

பெண் கொடுப்பவர்களுக்கும் ஒன்று: பெரும்பாலான ஒப்பந்தங்களில் கப்பலில் இருக்கும் மாதங்களுக்குத்தான் சம்பளம். பன்னிரண்டால் பெருக்கிப் பார்க்காதீர்கள்.

வேலை வாங்கித்தர லட்சக்கணக்கில் கேட்பவரிடம் போகாதீர்கள். மாலுமியிடம் வேலைக்கென்று பணம் வாங்குவது விதிப்படி குற்றம். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. சுற்றுலா விசாவில் துபாய்க்கு வா, அங்கே கப்பல் ஏற்றிவிடுகிறேன் என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அவர் கிளம்பும் முன் ஒப்பந்த நகல், கம்பெனியின் அவசர எண், கப்பலின் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண் மூன்றையும் வாங்கிவையுங்கள். கப்பலின் பெயர் மாறலாம், இந்த எண் மாறாது. பீரோவில் பூட்டிவைக்காமல் வீட்டில் இரண்டு பேர் போனிலாவது படமெடுத்து வைத்திருங்கள்.