சிலந்தியை எண்ணிவிட்டு மருந்தடியுங்கள்

புகையான் விழுந்த வயலைப் பார்த்தவர்கள் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்கமாட்டார்கள். நேற்றுவரை பச்சையாக நின்ற நெல் வட்டம் வட்டமாகக் கருகி, தீப்பட்டுப் புகைந்ததுபோல் கிடக்கும். காரணம், ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லாத பழுப்புத் தத்துப்பூச்சி. புகையான் என்பது அதுதான். தண்ணீருக்குச் சற்று மேலே, பயிரின் அடித்தண்டில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுகிறது. அதைப் பார்த்ததும் தெளிப்பானைத் தோளில் மாட்டத்தான் யாருக்கும் தோன்றும். போட்ட பணமும் வாங்கிய கடனும் அந்த வட்டத்துக்குள்தானே இருக்கின்றன! ஆனால் பல வயல்களில் அந்த வட்டத்தை உண்டாக்கியதே முன்பு அடித்த மருந்துதான். இதை ஒரு நாடு பெரிய விலை கொடுத்துக் கற்றது.

இந்தோனேசிய அரசு 1970களிலும் 80களிலும் பூச்சிக்கொல்லியை மானியத்தில் வாரி வழங்கியது. ஒரு கட்டத்தில் விலையில் 80 சதவீதத்துக்கும் மேல் அரசே ஏற்றது. உழவர்களும் நிறையத் தெளித்தார்கள். 1984இல் அரிசியில் தன்னிறைவு வந்தது. இரண்டே ஆண்டில் ஜாவாவின் வயல்களில் புகையான் பெருகி, அந்தத் தன்னிறைவே ஆட்டம் கண்டது. மருந்துதான் காரணம் என்று பூச்சியியலாளர்கள் சொன்னதைக் கேட்டு, 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தார். 1989 தொடக்கத்தில் மானியமும் முழுதாக நின்றது. விளைச்சல் சரியவில்லை. 1986இல் ஏறக்குறைய 4 கோடி டன்னாக இருந்த நெல் உற்பத்தி 1990இல் 4.5 கோடி டன்னைத் தொட்டது.

இது எப்படி நடந்தது? புகையானின் முட்டையிலிருந்து தொடங்கலாம். தாய்ப்பூச்சி நெல்லின் இலையுறையைக் கீறி உள்ளே முட்டையிடுகிறது. ஒரு பூச்சி 200 முட்டைக்கு மேல் இடும். மேலே அடிக்கும் மருந்து பெரும்பாலும் அந்த முட்டைக்குப் போய்ச் சேர்வதில்லை. வெளியே நடமாடும் சிலந்தியும், புகையான் முட்டையைத் தேடித் தேடி உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும்தான் முதலில் சாகின்றன. ஒரு வாரம் பத்து நாளில் முட்டை பொரிந்து குஞ்சுகள் வெளியே வரும்போது, அவற்றைத் தின்ன வயலில் ஆளில்லை. ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். சிலந்தி இனம் அந்த வேகத்தில் பெருகாது. ஓநாய்ச் சிலந்தி ஒன்று நாளொன்றுக்கு 5 முதல் 15 தத்துப்பூச்சிகளைத் தின்னும் என்பதை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு தெளிப்பில் எத்தனை காவலாளிகளை இழக்கிறோம் என்பது புரியும். போதாக்குறைக்கு, சில மருந்துகள் சாகடிக்காத அளவில் உடம்பில் பட்டால் புகையான் இன்னும் அதிகமாக முட்டையிடுகிறது. செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகளை நெல்லில் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

என்னை மிகவும் வியக்கவைத்தது இதற்கு அடுத்த கேள்விதான். நட்ட புதிதில் வயலில் புகையானே இருக்காது. அப்படியென்றால் சிலந்தி எதைத் தின்று அங்கே காத்திருக்கிறது?

1990களில் ஜாவா வயல்களில் செய்த ஆய்வுகள் இதற்கு விடை கண்டன. சேற்றில் மக்கும் நெல்தாளும் தழையும் நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. நுண்ணுயிர்களையும் தண்ணீரில் மிதக்கும் பாசியையும் தின்று, கொசுப் போலிருந்தாலும் கடிக்காத சிறு ஈக்களின் புழுக்கள் ஆயிரக்கணக்கில் வளர்கின்றன. நெல்லைத் தொடாத இந்தப் பூச்சிகள்தான் நடவுக்குப் பிறகு முதல் சில வாரங்களுக்குச் சிலந்திக்கும் மற்ற இரைதின்னிகளுக்கும் சோறு போடுகின்றன. புகையான் பறந்து வந்து இறங்கும்போது காவல் ஏற்கெனவே பெருகி நிற்கிறது. நம் முன்னோர் தழையும் தொழுவுரமும் மிதித்து நட்டது பயிருக்கு உரமாக. அதே தழை சிலந்திக்கும் மறைமுகமாக உணவு சேர்த்திருக்கிறது. நட்ட 15ஆம் நாள் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அடிக்கும் மருந்து இந்தச் சங்கிலியை அடியிலேயே அறுத்துவிடுகிறது.

அந்த முதல் மருந்தைப் பெரும்பாலும் இலைச்சுருட்டுப்புழுவுக்குத்தான் அடிக்கிறார்கள். அது சுரண்டித் தின்று வெளுத்த இலை கண்ணை உறுத்தும், உண்மைதான். ஆனால் இளம்பயிர் புது இலையும் புதுத் தூரும் (பக்கத் தண்டும்) விட்டு அந்த இழப்பைச் சரிக்கட்டிவிடும். வியட்நாமின் மேக்கோங் கழிமுகத்தில் ஆராய்ச்சியாளர்கள் உழவர்களிடம் வாதாடவில்லை. வயலில் ஒரு பகுதியை மட்டும் முதல் 40 நாள் மருந்தடிக்காமல் விட்டு, அறுவடையில் நீங்களே ஒப்பிடுங்கள் என்றார்கள். வானொலியிலும் இதையே சொன்னார்கள். பிரசாரம் நடந்த ஊர்களில் தெளிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

இனி, தெளிப்பவர் உடம்புக்கு வருவோம். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் பூச்சியின் நரம்பைத் தாக்குபவை. பூச்சியின் நரம்புகளுக்கிடையே செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருள் அசிட்டைல்கோலின். வேலை முடிந்ததும் அதைச் சிதைத்து அடக்குவது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. மருந்து அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடுகிறது. செய்தி ஓயாமல் போய்க்கொண்டே இருப்பதால் பூச்சி துடித்துச் செயலிழக்கிறது. இதே நொதி நமக்கும் இருக்கிறது. வியர்த்துக் கொட்டுவது, எச்சில் ஊறுவது, கண்பாவை சுருங்குவது, மூச்சுத் திணறுவது எல்லாம் அது முடங்கியதன் அடையாளங்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தெளிப்பவர் உடம்புக்குள் மருந்து அதிகம் இறங்குவது தோல் வழியே. ஒழுகும் டேங்கால் நனைந்த முதுகும், ஈரப் பயிரில் உரசும் கால்களும், மருந்தைக் கலக்கிய வெறுங்கையும்தான் வழி. பிலிப்பைன்ஸ் நெல் உழவர்களிடம் 1990களின் தொடக்கத்தில் மருத்துவச் செலவையும் இழந்த வேலைநாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். பூச்சிக்கொல்லியால் கிடைத்த ஆதாயத்தை உடல்நலச் செலவு விழுங்கிவிட்டது. இயற்கை எதிரிகளை நம்பி விட்ட வயலே லாபத்தில் முன்னால் நின்றது.

வீட்டில் கொடிய நஞ்சு கைக்கெட்டும் இடத்தில் இருப்பதும் ஓர் ஆபத்து. ஒரு கணத்துத் துயரம் திருத்தமுடியாததாகிவிடுகிறது. இலங்கை 1995க்குள் உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடியவை என்று வகுத்த பூச்சிக்கொல்லிகளையும், 1998இல் எண்டோசல்பானையும் தடை செய்தது. 1995இல் லட்சம் பேருக்கு 47 என்றிருந்த தற்கொலை விகிதம் பத்தாண்டில் ஏறக்குறைய பாதியானது. நெல் விளைச்சல் குறையவில்லை. அதே இலங்கை 2021இல் ரசாயன உரத்தையும் பூச்சிக்கொல்லியையும் ஒரே அறிவிப்பில் நிறுத்தி, சில மாதங்களில் பின்வாங்கியது; விளைச்சலும் விழுந்தது. மாற்று உரம் கையில் இல்லை, உழவருக்குப் பழகவும் நேரம் தரவில்லை. 1990களில் எது கொடியது என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். இரண்டையும் ஒன்றாகப் பேசி, ‘மருந்தை விட்டால் பட்டினிதான்’ என்பவர்களை என்னால் ஏற்கமுடியவில்லை.

நம் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே சிலந்திக்கு இடம் இருக்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் இருந்தால் மருந்தை யோசிக்கலாம். குத்துக்கு (ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்றுக் கொத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். எட்டடிக்கு ஓரடி பட்டம் (இடைவெளி) விட்டு நடுவதும், யூரியாவை அளவோடு போடுவதும், புகையான் தென்பட்டதும் தண்ணீரை வடிப்பதும் அதே பரிந்துரையில் உள்ளவை. எண்ணுவது கடினமில்லை. காலையில் வயலுக்குள் இறங்கி, அங்கங்கே பத்திருபது குத்துகளைச் சாய்த்து அடித்தண்டைத் தட்டுங்கள். தண்ணீரில் விழுந்து தத்துவது புகையான். தண்ணீர்மேலேயே விறுவிறுவென்று ஓடி அடுத்த குத்தில் ஏறுகிறதே, அது சிலந்தி.