தெம்புசு

பெருமழை விட்ட மாலையில் கோலாலம்பூர்ச் சாலையோரம் திடீரென்று ஒரு வாசம் எழும். நிமிர்ந்து பார்த்தால், வெண்ணெய் நிறத்தில் பூத்து நிற்கும் தெம்புசு. பொழுது சாயச் சாய மணம் கூடும் பூ அது.

இம்மரத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டுக் காடுகளில் இது வளர்வதில்லை. ஆகவே பழந்தமிழ்ப் பெயரைத் தேடிப் பயனில்லை. தெம்புசு மலாய்ச் சொல். 'டெம்புசு' என எழுதுவது தவறு. மலாய் ஒலி நம் தகரமே. மகரத்தை அடுத்த பு தானாகவே மென்மையாக ஒலிக்கிறது, சுகரமும் அப்படியே. கிரந்த எழுத்து ஒன்றுகூட வேண்டாம்! ரம்புத்தானை வீட்டுச் சொல்லாக்கிக்கொண்ட நமக்கு இது எளிது. 'மணமரம்' என்று புதிதாகக் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். மணக்கும் மரங்கள் ஆயிரம் உண்டு.

அறிவியல் பெயரின் கதை வேறு. நெடுங்காலம் இது ஃபேக்ரியா என்ற பெரிய பேரினத்துக்குள் இருந்தது. 2012இல் வோங் என்ற தாவரவியலாளரும், மலாயாப் பல்கலைக்கழகத்தின் ரிம்பா இல்மு தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த சுகுமாரனும் அதை மறு ஆய்வு செய்து, சிர்டோஃபில்லம் என்ற பழைய பேரினத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். நான்கைந்து இனங்களே கொண்ட சிறு கூட்டம். நம் தெம்புசு அதில் சிர்டோஃபில்லம் ஃபிராக்ரன்ஸ். பின்சொல்லுக்கு 'மணமுள்ளது' என்று பொருள். இதில் நம் ஊர்த் தோட்டத்தவரின் பங்கும் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

சிர்டோஃபில்லம் என்பது இரு கிரேக்கச் சொற்களால் ஆன பெயர். ஃபில்லோன் என்றால் இலை. கிர்ட்டோஸ் என்றால் வளைந்தது, முதுகு புடைத்தது. 'வளையிலை' என்று பெயர்த்தால் பாதிப் பொருளே வரும். கூனற்பிறை என்று சொன்ன மொழியில் இதற்குச் சொல் தயாராகவே இருக்கிறது: கூனிலை. பாடநூலில் பேரினத்துக்குக் கூனிலை, பேச்சிலும் எழுத்திலும் மரத்துக்குத் தெம்புசு என்பதே என் முடிவு.

குடும்பம் ஜென்சியானேசி. நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் வெள்ளறுகும் இதே குடும்பம்தான். முழங்காலைத் தாண்டாத அந்தக் கசப்புப் பூண்டும், கறையானுக்கு அசையாத கட்டை தரும் இந்த நெடுமரமும் உறவு.