வாந்திக்கு இங்கிலீஷ்ல ஏன் இத்தனை பேரு?

வாந்தி வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி வாயில என்ன நடக்குதுன்னு கவனிச்சிருக்கீங்களா? திடீர்னு எச்சில் ஊறும், தண்ணி மாதிரி, துப்பத் துப்ப ஊறிக்கிட்டே இருக்கும், நெத்தி ஜில்லுனு வேர்க்கும், முகம் வெளுத்துப்போகும். அந்த எச்சில் சும்மா வர்றது இல்லங்க. மேல ஏறி வரப்போற ஆசிட் பல்லையும் தொண்டையையும் அரிச்சிடக்கூடாதுன்னு உடம்பு முன்கூட்டியே பண்ணி வைக்கிற ஏற்பாடு அது. இந்தக் கட்டத்துக்கு இங்கிலீஷ்ல நாசியா, நம்ம குமட்டல். கிரேக்கத்துல நவ்ஸ்னா கப்பல், அதுல இருந்து வந்த வார்த்தை, அதாவது முதல்ல அது கடல்ல போறவங்க பட்ட பாட்டுக்கு வச்ச பேரு. கப்பலுக்குள்ள உக்காந்திருக்கிறவனுக்கு உள்காது "ஆடுறோம்"னு சொல்லுது, எதிர்ல இருக்கிற சுவரப் பாத்த கண்ணு "இல்ல, அப்படியே நிக்கிறோம்"னு சொல்லுது, ரெண்டும் ஒத்துப்போகாததுதான் அந்தக் குமட்டலுக்குக் காரணம்.

வாந்தியச் சுத்தி இங்கிலீஷ்ல இருக்கிற வார்த்தைகளைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சப்ப எனக்கு ஒண்ணு நல்லாப் புரிஞ்சது. எல்லாமே "வாந்தி"ங்கிற ஒரே அர்த்தம் கிடையாது, பாதி வார்த்தை உடம்புல நடக்கிற ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியா வச்ச பேரு.

குமட்டலுக்கு அப்புறம் சிறுகுடலோட மேல்பகுதில ஒரு பெரிய அலை தலைகீழா கிளம்பி, அங்க இருக்கிறத எல்லாம் திரும்ப இரைப்பைக்குத் தள்ளுது, அதனாலதான் சில சமயம் பச்சையா, மஞ்சளா பித்தம் கலந்து வருது. அடுத்தது ரெட்ச், நாம ஓங்கரிக்கிறதுன்னு சொல்வோமே அது. மூச்சுக்குழல் வாசல் மூடிக்கும், உதரவிதானமும் வயித்துத் தசையும் விட்டு விட்டு இறுக்கும், ஆனா வெளிய ஒண்ணும் வராது. பழைய இங்கிலீஷ்ல இது தொண்டையக் காறுற சத்தத்துக்கு இருந்த வார்த்தை. இதையே ஹீவ்னும் சொல்வாங்க, பாரத்தத் தம் கட்டித் தூக்குறதுக்கும் அதே வார்த்தைதான், வயிறு காலியாகியும் ஓங்கரிப்பு நிக்கலன்னா டிரை ஹீவ்ஸ்.

கடைசியா வெளிய தள்ளுறது. இரைப்பைதான் சுருங்கி தள்ளுதுன்னு நம்மள்ல நிறைய பேர் நினைக்கிறோம், அப்படி இல்ல. 1813ல பிரெஞ்சு மருத்துவர் ஃபிரான்சுவா மஜாந்தி ஒரு நாயோட இரைப்பைய எடுத்துட்டு அந்த இடத்துல பன்றியோட மூத்திரப்பைய வச்சுத் தச்சார், வாந்தி வர வைக்கிற மருந்த ரத்தக்குழாய்ல ஏத்தினார், நாய் அப்பவும் வாந்தி எடுத்துச்சு. படிக்கவே மனசு கஷ்டமா இருக்கு, ஆனா தெளிவா தெரிஞ்சது என்னன்னா, இரைப்பை வெறும் பை மாதிரி இருக்கு, பிழியிறது சுத்தி இருக்கிற வயித்துத் தசையும் உதரவிதானமும். அப்பப் பாருங்க, த்ரோ அப், ஹர்ல், அப்சக்னு இங்கிலீஷ்காரங்க சொல்றது எல்லாமே "வீசுறது, எறியிறது"ங்கிற அர்த்தம்தான், இந்த ஸ்லாங் விஷயத்த சரியா பிடிச்சிருக்கு.

ஆர்டர் போடுறது மூளையோட அடிப்பக்கம் இருக்கிற முகுளம். அங்க ஏரியா போஸ்ட்ரீமான்னு ஒரு சின்ன இடம், மூளையோட மத்த பகுதில ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல கெட்டியா ஒரு தடுப்பு இருக்கும், இங்க அது தளர்வா இருக்கும், அதனால ரத்தத்துல விஷம் கலந்தா இதுக்கு உடனே தெரிஞ்சிடும். இன்னொரு வழி குடல். உடம்புல சேதி கடத்துற ரசாயனமான செரோடோனின்ல சுமார் 90 சதவீதம் அங்கதான் இருக்கு, கெட்டுப்போனது ஏதாவது உள்ள போனா குடல் செல்கள் அதக் கொட்டும், குடலையும் மூளையையும் இணைக்கிற வேகஸ் நரம்பு வழியா சேதி மேல போகும். வாந்தி நிக்கறதுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கிற ஆன்டான்செட்ரான் மாத்திரை அந்த செரோடோனின் போய் ஒட்டுற இடத்ததான் அடைக்குது.

இப்ப சத்தத்துக்கு வருவோம். ஸ்பியூ, பார்ஃப், ரால்ஃப், மூணையும் சத்தமா சொல்லிப் பாருங்க. வாய் திறக்குது, தொண்டைல ஒரு உருட்டு, உதட்டுக்கிட்ட காத்து. நாம "உவ்வே"ங்கிற மாதிரி காதுல கேட்டத அப்படியே வார்த்தையாக்கியிருக்காங்க. ரால்ஃப் ஒரு ஆம்பளப் பேரு, சத்தம் ஒத்துப்போனதால மாட்டிக்கிச்சு. ப்யூக் ஷேக்ஸ்பியர் நாடகத்துலயே இருக்கு, செவிலியோட கைல இருக்கிற குழந்தை கக்குறதுக்கு. ஆஸ்திரேலியாக்காரங்க சண்டர்னு சொல்வாங்க. கப்பல்ல மேல்தட்டுல இருக்கிறவன் கீழ இருக்கிறவனப் பாத்து "வாட்ச் அண்டர்"னு கத்துனதுல வந்ததுன்னு ஒரு கதை ரொம்ப பிரபலம், ஆனா 1900கள் தொடக்கத்துல ஒரு பூட் பாலிஷ் விளம்பரத்துல வந்த சண்டர் லூங்கிற கார்ட்டூன் பேரு ஸ்பியூவோட எதுகையா ஒலிக்குது, அதுல இருந்து வந்ததுங்கிறதுதான் எனக்கு நம்புற மாதிரி படுது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது வாமிட்தான். லத்தீன்ல வோமெரே, சமஸ்கிருதத்துல வம், ரெண்டுக்கும் ஒரே வேர், அந்த வம்ல இருந்து வந்ததுதான் நம்ம வாய்ல புழங்குற வாந்தி. ஆக வாமிட்டும் வாந்தியும் தூரத்து சொந்தம்.

இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுதுன்னு நினைக்காதீங்க, டாக்டர்கிட்ட பேசும்போது இது ரொம்ப முக்கியம். பிரிட்டிஷ்காரர் "ஐ வாஸ் சிக்"னு சொன்னா பெரும்பாலும் வாந்தி எடுத்தேன்னு அர்த்தம், அமெரிக்கர் சொன்னா உடம்பு சரியில்லன்னு அர்த்தம். கஷ்டமே இல்லாம, குமட்டாம, தானா மேல வந்தா அது ரிகர்ஜிடேஷன், நம்ம எதுக்களிக்கிறது, அதுக்குப் பார்க்கிற வைத்தியம் வேற. காபித்தூள் மாதிரி கருப்பா வந்தா அது ஆசிட்ல ஊறுன ரத்தமா இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். பால் குடிச்ச குழந்தை தோள்ல கொஞ்சமா கக்குறத பிரிட்டன்ல பாசெட்னு சொல்வாங்க, சூடான பால்ல ஒயின் ஊத்தித் திரிய வச்சுக் குடிச்ச ஒரு பழைய பானத்தோட பேரு அது, அம்மாவோட தோள்ல வழியிற திரிஞ்ச பாலும் பாக்க அப்படித்தானே இருக்கு. அது சாதாரணம். அதே குழந்தை சில வாரத்துலயே ஒவ்வொரு தடவை பால் குடிச்சதும் தூரமா பீச்சி அடிச்சா அது புரொஜக்டைல், இரைப்பையோட கீழ்வாசல் தடிச்சு அடைச்சிருக்கலாம், அதுக்கு ஆபரேஷன் தேவைப்படும். அதனால "குழந்தை வாந்தி எடுத்துச்சு"ன்னு மட்டும் சொல்லி நிறுத்தாதீங்க, வழிஞ்சுச்சா பீச்சுச்சா, என்ன கலர்ல வந்துச்சுன்னும் சேத்துச் சொல்லுங்க.